கறுப்பு பனியன் யாருக்கு?

பி.டி. மாஸ்டர் வேலையில் விசில் ஊதுவது சுலபம், பந்துக்குக் காற்றடிப்பது சுலபம், வேகாத வெயிலில் சுண்ணாம்புக் கோடு போடுவதுகூட சுலபம். பதினோரு பேரில் ஒருவனைக் கூப்பிட்டு ‘இந்த வருஷம் நீதான்’ என்று சொல்கிற அந்த ஒரு நிமிஷம்தான் கஷ்டம். கோல் போட்டவனுக்குப் பரிசு கொடுப்பதில் தகராறே இல்லை. பந்து உள்ளே போனதை ஊரே பார்த்திருக்கும். கோல் விழாமல் பார்த்துக்கொண்டவனுக்கு எதை வைத்துக் கொடுப்பது? நடக்காத ஒன்றுக்குச் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது?

பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ, யாருக்காவது பரிசு கொடுக்கும் பொறுப்பில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்த அன்பர்களே, உங்களுக்குத்தான் இது. எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் புட்பால் டீமை மேய்த்துக்கொண்டிருந்தேன். என் கதையைக் கேட்டால் உங்கள் கதை தேவலை என்று தோன்றும்.

சாமி ஆடிய மேட்ச்

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் எங்கள் டீமில் ஏழுமலை என்று ஒரு பேக் இருந்தான். பேக் என்றால் கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவன். ஏழுமலை திருமுக்கூடல்காரன். கார்த்திகை மாசம் மண்டலப் போட்டி வந்தபோது அவன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். எங்கள் பனியன் மஞ்சள். ‘கறுப்பைக் கழட்ட மாட்டேன் சார்’ என்று நின்றுவிட்டான். ரெஃப்ரி முதலில் முறைத்தார். பிறகு அவரும் மலைக்குப் போய் வந்தவர் என்று தெரிந்தது. ‘சாமி ஆடட்டும்’ என்று விட்டுவிட்டார். மஞ்சளுக்கு நடுவில் ஒற்றைக் கறுப்பாக நின்று அவன் ஆடினான். ஒரு கோல்கூட விழவில்லை.

மலைக்குப் போய் வந்ததும் அந்த பனியனை என்னிடமே கொடுத்துவிட்டான். அப்படித்தான் வழக்கம் உண்டாயிற்று. வருஷா வருஷம் சிறந்த பேக் எவனோ அவனுக்குக் கறுப்பு பனியன். மண்டலப் போட்டியில் அவன் அதைப் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். சீசன் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். வெளுத்துப் போனால் காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற ஒருவரிடம் கொடுத்து ஒரு முக்கு முக்கி வாங்கி வருவேன். இதில் ஒரு ரகசியம் உண்டு. அந்த மேட்சில் எதிராக ஆடிய பார்வர்டு ஒருவனைப் பிறகு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ‘ஏழுமலையிடம் அப்படி என்னப்பா பயம்?’ என்று கேட்டேன். அவன் சொன்னதை நான் டீமில் யாரிடமும் சொல்லவில்லை.

“மாலை போட்ட சாமிய எப்பிடி சார் இடிக்கறது? கால் பட்டா பாவம் இல்ல? அத்தொட்டு நானே ஒதுங்கிக்கினேன்.”

நோட்டுப் போட்ட வருஷம்

அடுத்த வருஷம் ஏழுமலை போய் அவன் மாமன் மகன் முனுசாமி வந்தான். அவனும் திருமுக்கூடல்தான், அவனும் பேக்தான். ஒல்லி, பேச்சு குறைவு. முதல் நாளே என் ரூமுக்கு வந்து பீரோவைப் பார்த்தபடி நின்றான். என்ன வேண்டும் என்றேன். “அந்த கறுப்பு பனியன் இதுலயா சார் கீது? மூணு வருசம்தான் சார் எனக்கு. அப்பறம் நைனாகூட ஏர் ஓட்டப் போயிடுவேன். அதுக்குள்ள ஒரு தபா போட்டுக்கினா போதும்” என்றான். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆசைப்படுகிறவன் நன்றாக ஆடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு பேக்குக்கும் ஒரு தாள். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கினால் ஒரு கோடு. எங்களிடம் பேக் ஆடத் தெரிந்தவர்கள் நாலே பேர். அதில் தனசேகர் என்பவனின் தாள் முன்னும் பின்னும் நிரம்பி வழிந்தது. விழுந்து புரண்டு பந்தைப் பிடுங்குவான். எழுந்தால் முட்டியில் ரத்தம் இருக்கும், கைதட்டல் கேட்கும். முனுசாமியின் தாளில் அவன் பெயரும் நாலு கோடும்தான் இருந்தன. பனியன் தனசேகருக்குப் போயிற்று. அதைப் போட்டுக்கொண்டு அவன் ஆடிய மண்டலப் போட்டியில் தோற்றோம். முனுசாமியைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டி, ‘இவ்வளவு ஆசைப்பட்டாயே, ஒன்றுமே செய்யவில்லையே’ என்று கடிந்துகொண்டேன். அவன் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் சொன்னதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

“பந்து வந்தாதானே சார் புடுங்கறதுக்கு.”

ஓட்டு

மறு வருஷம், நமக்கு எதற்கு வம்பு, டீமே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று சீட்டு கொடுத்துவிட்டேன். நான் பயந்ததெல்லாம் காவாந்தண்டலத்துப் பையன்கள் காவாந்தண்டலத்தானுக்கும், டவுன் பையன்கள் டவுனானுக்கும் போடுவார்கள் என்றுதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் வேலு பெயர் இருந்தது. வேலு நல்ல பையன், அதைவிட நல்ல மனசு. சாயங்காலப் பிராக்டீஸில் யாராவது பந்தோடு வந்தால் ‘போ நைனா, போ’ என்று வழி விட்டு நிற்பான். முனுசாமிக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அந்தக் கோணல் எழுத்து எங்கள் கோல் கீப்பருடையது. கோலில் நிற்பவன் எதற்காக அவனுக்குப் போட்டான் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சீட்டை எண்ணி முடித்த திருப்தியில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

வேலு பனியன் போட்டு ஆடிய மேட்சிலும் தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் சென்டர் பார்வர்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ‘உண்மையைச் சொல், முனுசாமி வேலுவைவிட நல்ல பேக் இல்லையா?’ என்றேன். ‘நல்ல பேக்குதான் சார்’ என்றான் தயங்காமல். ‘பின்னே ஏன்டா அவனுக்கு ஓட்டுப் போடவில்லை?’ என்றேன். ஐயோ பாவம் என்பது போல என்னைப் பார்த்தான்.

“பிராக்டீஸ்ல டெய்லி என் கால ஒடைக்கிறவனுக்கு ஓட்டுப் போட நான் இன்னா பைத்தியமா சார்?”

பானையில் ஒரே ஓலை

மூன்றாம் வருஷம் முனுசாமிக்குக் கடைசி வருஷம். இந்தத் தடவை அவனுக்கே என்று மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தேன். ஆனால் இரண்டு வருஷ ரகளை ஸ்டாஃப் ரூம் வரை போயிருந்தது. எங்கள் சரித்திரப் பேராசிரியர், நெற்றி நிறையத் திருநீறும் கை நிறைய நோட்ஸுமாக வந்தார். ‘ஏங்க, குடவோலைக் கல்வெட்டு இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஓட்டுச் சீட்டா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம ஊர்க்காரன் ஓலையில் பேர் எழுதி, குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்திருக்கிறான்’ என்றார். பிரின்ஸிபால் அதைக் கேட்டுக் கண்கள் பளபளக்கத் தலையாட்டினார். பிரின்ஸிபால் தலையாட்டிவிட்டால் பி.டி. மாஸ்டர் என்ன செய்ய முடியும்?

கல்வெட்டில் யார் பெயரை எழுதலாம் என்பதைவிட யார் பெயரை எழுதக் கூடாது என்பதுதான் அதிகம். பேராசிரியர் ஒவ்வொன்றாக வாசித்தார். அண்மையில் பொறுப்பில் இருந்தவர் கூடாது. தனசேகரும் வேலுவும் போனார்கள். அடுத்து உறவினர். கணக்குக் காட்டாதவரின் உறவினருக்குத்தான் கல்வெட்டில் தடை. நம் பேராசிரியர் அதை இழுத்து, முன்னால் பனியன் போட்டவரின் உறவினர் எல்லாருக்கும் என்று ஆக்கிவிட்டார். ‘மாமன் மகன் உட்பட’ என்று விரலை நீட்டினார். ஏழுமலையால் முனுசாமியும் போனான். நான் வாயைத் திறந்து ‘சார், இது புட்பால்’ என்றேன். ‘நீதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்’ என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மிஞ்சியது கஜேந்திரன் ஒருவன்தான். அந்த வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தவன். பானையில் ஒரே ஓலை. அதையும் பிரின்ஸிபால் முன்னிலையில் முறைப்படி மூன்று தடவை குலுக்கினார்கள். ஆபீஸ் பியூன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பெயரை வாசித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். முனுசாமியும் தட்டினான். கஜேந்திரன் மட்டும் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வெளிறி நின்றான்.

“சார், இத்த போட்டுக்கினா கண்டிப்பா ஆடணுமா?”

தோற்ற பிறகு ஒரு டீ

வழக்கப்படி கஜேந்திரன் ஆடித்தான் ஆக வேண்டும். அதனால் வேலு பெஞ்சுக்குப் போனான். எதிரில் வருஷா வருஷம் எங்களை வீட்டுக்கு அனுப்புகிற அதே டீம். ஆரம்பித்ததிலிருந்து பந்து கஜேந்திரன் பக்கமாகவே வந்தது. பாவம், அவனால் முடிந்ததை அவன் செய்தான். இரண்டு கோல், இரண்டும் அவனைத் தாண்டித்தான். இரண்டாவதைத் தடுக்க முனுசாமி மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து குறுக்கே ஓடி வந்தான். அவன் வந்து சேருவதற்குள் பந்து உள்ளே போய்விட்டது. கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றவனை என்னால் பார்க்க முடியவில்லை. முனுசாமிக்கு அதுதான் கடைசி மேட்ச்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் எதிர் டீமின் பார்வர்டு நின்றிருந்தான். மூன்று வருஷமாக எங்களுக்கு எதிராக ஆடியவன். அவனுக்கும் ஒரு டீ சொன்னேன். ஜெயித்த சந்தோஷத்தில் நன்றாகப் பேசினான். ‘எல்லா வருஷமும் ஒரே பக்கமாக வருகிறீர்களே, அது என்ன?’ என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே, இது தெரியாதா என்கிற மாதிரி சொன்னான்.

“எங்க மாஸ்டர் மூணு வருசமா ஒண்ணே ஒண்ணுதான் சார் சொல்வாரு. கறுப்பு பனியன் எங்க கீதோ அந்தப் பக்கமா போங்கடா, அந்த ஒல்லிப் பையன் முனுசாமி பக்கம் மட்டும் போவாதீங்க.”

நாலு கோடு போட்ட தாள்

பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்க வந்த அன்று முனுசாமியை ரூமுக்குக் கூப்பிட்டேன். டீக்கடையில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எதிராளி பயந்து வராத பக்கத்தை, ஒன்றுமே நடக்காத பக்கம் என்று நான் நினைத்துவிட்டேன் என்றேன். ‘தப்பு என்மேல்தான்’ என்றும் சொன்னேன். இருபத்தோரு வயசுப் பையனிடம் ஒரு மாஸ்டர் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது சொன்னவர்களுக்குத்தான் தெரியும். பீரோவைத் திறந்து கறுப்பு பனியனை எடுத்து, ‘இதைத் திருப்பித் தர வேண்டாம், உனக்கே’ என்று கொடுத்தேன். முனுசாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். விரித்துத் தோளுக்கு நேராக வைத்துப் பார்த்தான். அளவு சரியாகத்தான் இருந்தது. பிறகு மடிப்புக் கலையாமல் மடித்து மேஜைமேல் வைத்துவிட்டான்.

கோபம் என்றுதான் நினைத்தேன். கோபமாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் பீரோவுக்குள் எதையோ தேடினான். அடித்தட்டில் அந்தப் பழைய நாற்பது பக்க நோட்டு கிடந்தது. அதைக் காட்டி ஒன்று கேட்டான். கேட்டபடி கிழித்துக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

“பனியன் வேணாம் சார், மேட்சு முடிஞ்சிபோச்சி. அத இனிமே ஆடறவனுக்கு வெச்சிருங்க. அந்த நோட்டுல எம் பேரு போட்ட தாள் கீதே, அத கிழிச்சி குடுங்க. நான் ஆடுனது அதுலதான் கீது.”

ஆக, நோட்டு, ஓட்டு, ஓலை என்று மூன்று வருஷம் சுற்றி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: நல்ல பேக் யார் என்று தெரிய வேண்டுமானால் எதிராளிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் போதும், ஆனால் அந்த டீயை முனுசாமி கடைசி மேட்ச் ஆடுவதற்கு முன்னால் வாங்கிக் கொடுக்க வேண்டும்.