மூத்தவரின் பக்கம்

இது நடந்தது. எங்கள் வகையறாவில் எவரும் கதை கட்டிப் பெயர் வாங்க வேண்டிய நிலையில் இல்லை. சபாபதி எனக்குப் பங்காளி முறை. கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போட்ட கையெழுத்தை எவரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. பேய் என்ற சொல்லை அவர் இன்றுவரை வாயில் எடுத்ததும் இல்லை. நானும் எடுக்கப் போவதில்லை. கடலூரைத் 'தானே' என்ற புயல் புரட்டிப் போட்ட சமயம் அவர் வீட்டில் நடந்ததை, நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எங்கள் குலதெய்வம் காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவே இருக்கும் அய்யனார். வகையறாவில் உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர் யாரோ, அவருக்குத்தான் அங்கே முதல் பரிவட்டம். பூசாரி அவர் தலையில் பட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு விபூதியே வரும். சபாபதியின் அண்ணன் ராமாமிர்தம் இருந்தவரை அந்த மரியாதை அவருடையது.

ராமாமிர்தம் அண்ணாமலை நகரில் வேலை பார்த்தவர். வயதான காலத்தில் கம்ப்யூட்டரைத் தானே பழகி, 2006இல் வகையறாவுக்கென்று ஓர் இணையதளம் செய்தார். இலவசமாகத் தளம் கட்டிக்கொள்ள இடம் தரும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில்தான். ஆளுக்கு ஒரு பக்கம். படம், பிறந்த ஊர், பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர். வயது வரிசை ஒரு நூல் பிசகாது. உயிரோடு இருப்பவர்கள் ஒரு பகுதி, மறைந்தவர்கள் ஒரு பகுதி.

2010 ஆவணியில் ராமாமிர்தம் காலமானார். மூத்தவர் என்ற இடம் சபாபதிக்கு வந்தது. தளத்தின் கடவுச்சொல்லும், அண்ணனின் பழைய பெட்டி மானிட்டரும் கம்ப்யூட்டரும் மஞ்சக்குப்பத்தில் இருந்த அவர் வீட்டுக்கு வந்தன.

அடுத்த வருடம் கார்த்திகையில் அந்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பழைய பதிப்பு டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்தப்படும். அதற்குள் புதிய பதிப்புக்கு மாறாத தளங்கள் அழிக்கப்படும்.

அய்யனாருக்குத் தை மாதக் கடைசியில் கும்பாபிஷேகம். பத்திரிகை அடித்து, சிங்கப்பூர் துபாய் வரைக்கும் அனுப்பியாகிவிட்டது. பத்திரிகையின் அடியில் தளத்தின் முகவரி. அதைத் தட்டிப் பார்க்கிறவனுக்கு வெற்றுப் பக்கம் வந்தால்? இத்தனை வருடம் கட்டிக் காத்த பெயர் ஊர் சிரிக்கப் போகும். முதல் பரிவட்டம் வாங்கப் போகிறவருக்கு அதைவிடத் தலைக்குனிவு வேறில்லை.

சபாபதி உட்கார்ந்தார். புதிய பதிப்புக்கு மாற்றும் பொத்தானை அழுத்தினார். புதிய பதிப்பில் தளத்தின் நகல் ஒன்று வந்தது. அதைச் சரிபார்த்து 'வெளியிடு' என்று கொடுத்தால் வேலை முடிந்தது. கொடுக்கவில்லை என்றால் எல்லாம் போயிற்று.

நகலைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது. தமிழெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதைந்து கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை. புதிய பதிப்பு கடைசியாகச் சேர்த்த பக்கத்தை முதலில் வைத்தது. நேற்றுப் பிறந்த பேரப்பிள்ளைகள் உச்சியில். கொள்ளுத்தாத்தா காலடியில்.

சிதம்பரத்துக்குப் போன் போட்டார். எடுத்தவன் ராமாமிர்தத்தின் மகன் செந்தமிழ்செல்வன்.

"இன்னாடா இது, வாயில பால் பாட்டிலோட இருக்கறதெல்லாம் மேல குந்திக்கினு இருக்குது?"

"அதுவா வரிசை பண்ணிக்குது சித்தப்பா. முதல்ல வெளியிட்டுடுங்க. அப்பறம் மெதுவா மாத்திக்கலாம்."

"பத்திரிகையில பேரைத் தலைகீழா அடிச்சு அனுப்பிட்டு அப்பறம் மாத்திக்கலாமா? உங்கப்பன் இருந்தா இப்படிப் பேசுவியா?"

"அப்பா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பாரு."

சபாபதி போனை வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அதே வேலை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து தமிழைத் திரும்ப அடிப்பது. ஒவ்வொரு பக்கமாகப் பிடித்து இழுத்து வயதுப்படி வைப்பது. பாதியில் பிராட்பேண்ட் விளக்கு அணையும். அது வந்தால் கரண்ட் போகும். அந்த வருடம் பகலில் மூன்று மணி நேரம் வெட்டு. யூபிஎஸ் கீ... கீ... என்று கத்திவிட்டு மூச்சை விடும். செய்தது பாதி போய்விடும். மறுபடி முதலிலிருந்து.

"எதுக்குங்க இந்தப் பாடு? கண்ணு செவந்து கெடக்குது" என்பாள் மனைவி ஞானாம்பாள்.

"உனக்குத் தெரியாது. போ."

"ஆமா, உங்க வம்சத்துப் பெருமை எனக்கு எங்க தெரியப் போவுது? மருந்து மாத்திரை போட்டீங்களான்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும்."

வேலை நடுவில்தான் ஒன்றைக் கவனித்தார். எல்லாப் பக்கமும் கட்டமாகச் சிதைந்திருக்க, ஒரே ஒரு பக்கம் மட்டும் சுத்தமான தமிழில் இருந்தது. அண்ணனுடைய பக்கம். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அதை அவர் தொடவே இல்லை.

சரி, ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார்.

அந்தப் பக்கம் உயிரோடு இருப்பவர்கள் பகுதியின் முதலில் இருந்தது. அண்ணன் கடைசியாக வைத்த இடம் அதுதான். சபாபதி அதை இழுத்து மறைந்தவர்கள் பகுதியில் வைத்தார். தன் பக்கத்தை முதலிடத்துக்கு ஏற்றினார். சேமித்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தார்.

சாப்பிட்டு வந்து பார்த்தால்... அண்ணன் பழைய இடத்தில் இருந்தார். சபாபதி இரண்டாவது.

மறுபடி மாற்றினார். மறுநாள் திறந்தார். அதே கதை.

மூன்றாம் முறை அவருக்குக் கோபம் தலைக்கேறியது. கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் அண்ணன் மகனும். மறுபடி போன்.

"ஏண்டா, உங்கப்பனைச் செத்தவங்க பட்டியல்ல வச்சா உனக்கு வலிக்குதா? திருட்டுத்தனமா பூந்து பூந்து மாத்தறியா?"

"அய்யய்யோ... நான் தொடவே இல்ல சித்தப்பா. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"அப்ப யாரு மாத்தறது?"



"சித்தப்பா... அப்பா பக்கத்தை அங்கியே விட்டுடுங்களேன்."

"செத்தவன் எப்படிடா மூத்தவனா இருக்க முடியும்?"

சொன்ன பிறகு அவருக்கே அந்தச் சொல் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. முறை என்றால் முறைதான். வரிசை சரியாகாமல் வெளியிடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தார்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆனது. ஒரு பகல். கரண்ட் பன்னிரண்டுக்கே போய்விட்டது. யூபிஎஸ் கத்தி ஓய்ந்தது. தெருவில் ஒரு நடமாட்டம் இல்லை. சபாபதி கூடத்தில் பாயில் படுத்திருந்தார்.

டக்.

கண்ணைத் திறந்தார்.

டக்... டக்... டக். கம்ப்யூட்டர் இருந்த முன்னறையிலிருந்து.

ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டும் சத்தம். வார்த்தைக்கு வார்த்தை நீளப் பொத்தானில் ஓர் ஓங்கிய குத்து. வகையறாவில் ஒருவர்தான் அப்படித் தட்டுவார்.

"ஞானம்!"

"இன்னாங்க?" சமையலறையிலிருந்து குரல்.

"முன்னறையில யாரு?"

"யாரு இருக்கா? நீங்களும் நானுந்தான்."

எழுந்து போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. நாற்காலி மட்டும் மேசையிலிருந்து விலகி இருந்தது. ஓர் ஆள் எழுந்து போக எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு.

அதற்குப் பிறகுதான் அந்தத் 'தானே' புயல் வந்தது. முப்பதாம் தேதி விடியற்காலை. கடலூரில் அன்று இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் தெருவே தெரியவில்லை. கம்பங்கள் முறிந்து கிடந்தன. சபாபதி வீட்டுச் சுற்றுச்சுவர் மேல் தென்னை விழுந்திருந்தது. முன்னறை ஜன்னலில் கண்ணாடி இல்லை. கரண்ட் இல்லை. போன் இல்லை. சிதம்பரத்துக்குப் பஸ் இல்லை.

மறுநாள் முப்பத்தொன்று. கடைசி நாள்.

எல்லோருக்கும் கூரையும் தண்ணீரும் கவலை. சபாபதி போய் அந்தச் செத்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். ஊரெல்லாம் பத்திரிகை. அதன் அடியில் முகவரி. ஒரு பொத்தான்தான் அழுத்த வேண்டியிருந்தது. மகன் முறையாகிறவனே சொன்னான். கேட்கவில்லை. இப்போது வரிசையும் இல்லை, தளமும் இல்லை.

கை ஓய்ந்துவிட்டது. இரண்டு நாள் தூக்கம் இல்லை. உட்கார்ந்தபடியே கண் அசந்தார்.

டக்.

அரைத் தூக்கத்தில் கேட்டது.

டக்... டக். மிக அருகில். அவர் கைக்கு அருகில்.

கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை கல்லாகக் கனத்தது.

டக்... டக்... டக்.

ஓர் ஓங்கிய குத்து.

பிறகு அமைதி...

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. திரை கறுப்பு. யூபிஎஸ்ஸில் விளக்கு இல்லை. பிளக்கைக்கூட முந்தின நாளே பிடுங்கி வைத்திருந்தார்.

எழ மானிட்டரைப் பிடித்தார்.

கையை இழுத்துக்கொண்டார்.

சுட்டது.

நாள் முழுக்க ஓடிய மானிட்டரின் முதுகு எப்படிச் சுடுமோ, அப்படி.

ஞானாம்பாளிடம் அவர் சொல்லவில்லை. விபூதி மட்டும் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார்.

பஸ் விட்டதும் சிதம்பரத்துக்குப் போனார். செந்தமிழ்செல்வன் அவரைக் கீழவீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனான்.

"போயிருக்கும் சித்தப்பா. மனசைத் தேத்திக்குங்க."

"பாருடா முதல்ல."

முகவரியைத் தட்டினான். பக்கம் திறந்தது.

புதிய பதிப்பு. வெளியாகி இருந்தது. கட்டம் இல்லை, சிதைவு இல்லை. சபாபதி இன்னும் தொடாமல் விட்டிருந்த பக்கங்கள்கூடச் சுத்தத் தமிழில். வயது வரிசை ஒரு நூல் பிசகவில்லை. உயிரோடு இருப்பவர்களில் முதலாவது ராமாமிர்தம். இரண்டாவது சபாபதி.

"நீயா?"

"இங்கியும் மூணு நாள் கரண்ட் இல்ல சித்தப்பா."

வெளியான நேரம் கீழே இருந்தது. முப்பத்தொன்று, மாலை ஐந்தே கால்.

முகப்பில் ஒரு படம். அங்கே அதுவரை அய்யனார் படம்தான் இருக்கும். இப்போது வேறு படம். ஓர் அறை. கண்ணாடி போன ஜன்னல். வெளியே சுவர்மேல் விழுந்த தென்னை. நாற்காலியில் ஒருவர் தலை கவிழ்ந்து தூங்குகிறார். மேலிருந்து எடுத்தது. உச்சந்தலை வழுக்கை தெரிகிறது. படத்தின் இரண்டு ஓரத்திலும் ஏதோ மங்கலாக, மஞ்சளாக வளைந்து தொங்குகிறது.

கீழே ஒரு வரி.

'இளையவர் சபாபதி. ஓய்வில்.'

"யாரு சித்தப்பா எடுத்தது?"

சபாபதி வீட்டில் கேமரா கிடையாது. தளத்துக்குள் நுழைந்து அந்தப் படத்தை நீக்கச் சொன்னார். செந்தமிழ்செல்வன் முயன்றான். கடவுச்சொல் தவறு என்றது. எத்தனை முறை போட்டாலும் தவறு.

"விட்டுடுடா" என்றார். வாழ்நாளில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கும்பாபிஷேகம் சொன்ன தேதியில் நடந்தது. முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்து, அய்யனார் வெட்டவெளியில் நின்றார். வெளியூர்ப் பங்காளிகள் அத்தனை பேரும் தளத்தைப் பாராட்டினார்கள். இந்த வயதில் இத்தனை அழகாகச் செய்திருக்கிறீர்களே என்றார்கள். சபாபதி தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று விடியற்காலை கிளம்பும்போது அவர் ஒரு முடிவு சொன்னார். முதல் பரிவட்டம் தனக்கு வேண்டாம். அண்ணனின் படத்தைக் கோயிலுக்குக் கொண்டு போவது. பூசாரி அதற்குக் கட்டட்டும்.

படம் முன்னறைச் சுவரில், உயரத்தில் மாட்டியிருந்தது. செந்தமிழ்செல்வன் ஸ்டூல் போட்டு ஏறினான். ஆணியிலிருந்து கழற்றத் தன் தலையைப் படத்தோடு ஒட்டி வைத்துக் குனிந்தான். கீழே பார்த்தான்.

அப்படியே நின்றான்.

"இன்னாடா? எறங்கு. நேரமாவுது."

"சித்தப்பா..."

"சொல்லு."

"தளத்துல இருக்கற அந்தப் படம்... இங்கேர்ந்துதான் எடுத்திருக்குது."

கீழே நாற்காலி. எதிரே ஜன்னல். அதே கோணம். அதே உயரம்.

இரண்டு ஓரத்திலும், மங்கலாக, மஞ்சளாக, ராமாமிர்தத்தின் படத்துக்குப் போட்டிருந்த சந்தன மாலை வளைந்து தொங்கியது.

மாலைக்கு உள்ளே இருந்து பார்த்தால் மட்டும்தான் அது அப்படித் தெரியும்.