தம்பியின் இடப்பக்கம்

1991-இல் நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அடிபட்டவர்களைச் சமைக்கவும் சைக்கிள் விடவும் திரும்பப் பழக்குவது, முடியுமா முடியாதா என்று சோதித்து எழுதுவது, இதுதான் என் பிழைப்பு. அந்த வருடம் என்னிடம் வந்து மாட்டியவன் என் சொந்தத் தம்பி.

பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து அவனுக்குத் தலையில் அடி. பிழைத்து வந்ததும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் அவன் சாப்பிடுவதைக் கவனித்தேன். இலையின் இடது ஓரத்தில் ஊறுகாய் இருக்க, "ஊறுகா வெக்கலியாம்மா?" என்று கேட்டான். கண்ணில் கோளாறு இல்லை. மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்க மறந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு வேன் டிரைவர் வேலை வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்கு ஆள் ஏற்றி வர வேண்டும். தலையில் அடிபட்டவன் என்பதால், ஓட்டலாம் என்று கம்பெனி சர்ட்டிபிகேட் கேட்டது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் அவனை என்னிடமே அனுப்பினார். என் தம்பி சார், வேண்டாம் என்றேன். வேறு ஆள் ஏது என்றார்.

எண்கள் அச்சடித்த தாளில் எட்டுகளை மட்டும் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். வலது பாதியில் ஒன்றையும் விடவில்லை. இடது பாதியில் ஒன்றையும் தொடவில்லை. ஆஸ்பத்திரி டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, காலி மைதானத்தில் ஜீப்பை ஓட்டவைத்தேன். இடப்பக்கம் நட்டிருந்த மூன்று கழிகளையும் சாய்த்துவிட்டு இறங்கி, "எப்டிக்கா?" என்று சிரித்தான். எனக்கு அழுகை வந்தது.

இப்போதைக்கு ஓட்டக் கூடாது என்று எழுதினேன்.

"ஆக்குபேஷன்னா வேலதானே?" என்று அப்பா கத்தினார். "வேல வாங்கிக் குடுக்கற படிப்புன்னு உன்ன படிக்க வெச்சேன். கூடப் பொறந்தவன் வேலைக்கே ஒல வெச்சிட்டியே!"

தம்பி அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினான். வேலை வேறொருவனுக்குப் போனது. நடக்காத விபத்துக்கு யார் நன்றி சொல்லப்போகிறார்கள்? நல்லதுக்குக் காலமில்லை.

டாக்டர் சொன்னதற்காக மட்டும் பயிற்சிக்கு வந்தான். கழுத்தை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழக்கினேன். ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோது ஒரு தப்பும் இல்லை. ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த தையில் அவனுக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள் நான். பெரியப்பா மகளைக் கூப்பிட்டான். நான் அவனுக்கு இடப்பக்கம், இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

"கூட்டத்துல அவன் கண்ணுல நீ படல போலக்கீது" என்று சித்தி சமாதானம் சொன்னாள்.

அந்தப் பக்கம் அவனுக்கு நன்றாகத் தெரிகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளே நான்தான்.