ஜெயசீலன் சாரும் இரண்டு லென்ஸும்

ஜெயசீலன் சார் போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்து சொன்னான்... தூக்கத்திலேயே.

மதியத்துக்குள் எங்கள் பழைய மாணவர்கள் ஃபேஸ்புக்கை நிரப்பிவிட்டார்கள். "மாபெரும் புகைப்படக் கலைஞர்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான்.

தம்பி, நீ என்னிடம் புவியியல் படித்தவன், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். அவர் நல்ல கணக்கு வாத்தியார். புகைப்படக் கலைஞர் இல்லை.

பல வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம். யார் வீட்டுக் கல்யாண ஆல்பம் வந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். "பொண்ணு மூக்கு ஃபோகஸ்ல இல்லையே டீச்சர்" என்பார். கொண்டுவந்தவர் முகம் சுருங்கிப்போகும். அது மட்டும் அவர் கண்ணில் படாது.

டிஜிட்டல் கேமரா நம் ஊருக்கு வந்த புதிது. என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர் அந்தோணி, கடலோர ஊரான மண்டபத்தில் சொந்தமாக ஒரு வள்ளம் கட்டிக்கொண்டிருந்தார். அதுவரை அடுத்தவர் படகுகளில் கூலிக்குக் கடலுக்குப் போனவர்.

"மச்சான், மொத மொத தண்ணியில எறங்கும்ல... அந்த நேரம் ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. வேற எதுவும் எனக்கு வேணாம்."

எனக்கு கேமரா பற்றி ஒன்றும் தெரியாது. ஜெயசீலன் சாரிடம் கேட்டேன்.

"கடல்னா தூரம் சார். தூரம்னா நீள லென்ஸ். கிட்டக்க எடுக்க சின்ன லென்ஸ் ஒண்ணு. மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்."

"ரெண்டு வேலையும் பாக்குற மாதிரி ஒரே லென்ஸ் இல்லையா சார்?"

"அதெல்லாம் ஊட்டிக்கு டூர் போறவுக வாங்குறது."

டவுன்ஹால் ரோடு கடையில் மகனுக்குப் பெண் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பெட்டியாக இறக்கச் சொன்னார். கடைக்காரர் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். விலை கூடக் கூடத் தலை வேகமாக ஆடியது.

வாங்கிய கையோடு ஒத்திகை பார்க்கத் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போனார். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருக்கும் மண்டபத்தைப் படகு என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"படகு அசையுமே சார்?"

"நீங்க அசைஞ்சுக்கங்க."

நான் அசைந்தேன். மண்டபம் படத்தில் அழகாகத்தான் விழுந்தது.

வள்ளம் இறக்கும் நாளில் அவரும் கூடவே வந்தார். "நீங்க கைய ஆட்டிருவீங்க சார்" என்று கேமராவை வாங்கி, மூன்றுகால் ஸ்டாண்டில் மாட்டி, நீள லென்ஸைப் போட்டுக்கொண்டு நின்றார். கடற்கரை முழுக்கக் காற்று, மணல்.

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து செபம் சொல்லி முடித்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது வள்ளம் நகர ஆரம்பித்துவிட்டால் தண்ணீரைத் தொடும்வரை நிறுத்த மாட்டார்கள். முதல்முறை போகிறபோது தயங்கக் கூடாதாம். இதை அந்தோணி முந்தின நாளே எங்களிடம் சொல்லியிருந்தார்.

வகுப்பில் சொல்வது போல ஓர் உதாரணம் சொல்கிறேன். தெருக்கோடியில் நிற்கும் கோயில் யானையை பைனாகுலரில் பார்த்தால் முழு யானையும் தெரியும். அதே யானை பக்கத்தில் வந்து தும்பிக்கையைத் தூக்கும்போது அதிலேயே பார்த்தால் வெறும் தோல்தான்.

வள்ளம் எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றது.

ஆட்கள் ஏலேலோ போட்டுத் தள்ளினார்கள். வள்ளம் நகர்ந்தது. ஜெயசீலன் சார் லென்ஸ் வழியாகப் பார்த்தார்... பலகை. இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பலகை.

"ஒரு நிமிஷம், நிறுத்தச் சொல்லுங்க" என்று மணலில் குந்தி, நீள லென்ஸைக் கழற்றி, பைக்குள் சின்ன லென்ஸைத் தேடினார். அதை மாட்டி நிமிர்ந்தபோது வள்ளம் தண்ணீரில் மிதந்தது. இடுப்பளவு நீரில் ஆட்கள் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நனைந்த வேட்டியோடு கரையேறி வந்த அந்தோணி, "விழுந்துச்சா சார்?" என்றார்.

"மாப்ள, கரைக்கு இழுத்து இன்னொரு தடவ எறக்கச் சொல்லுங்களேன்" என்றார் ஜெயசீலன் சார்.

ஊரே சேர்ந்து தள்ளிய வள்ளம் அது.

அந்தோணி வேட்டியைப் பிழிந்தார். "கட்டுன தாலிய அவுத்துட்டு மறுபடி கட்டச் சொன்னா பொண்ணு வீட்டுல விடுவாகளா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிக் கடலுக்குள் நடந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெயசீலன் சார் பரமக்குடி வரைக்கும் காற்றையும் வெளிச்சத்தையும் குறை சொன்னார். மானாமதுரை வரைக்கும் அப்பெர்ச்சர் பாடம். மன்னிப்பு என்ற சாமானை வைக்க அவர் கேமரா பையில் ஓர் அறை கூட இல்லை.

ஸ்டெல்லாவிடம் ஒரு பழைய ஃபிலிம் கேமரா இருந்தது. ரோலில் மிச்சம் இருந்த கடைசி ஷாட்டை அவள் எங்களுக்குப் பின்னால் நின்று அமுக்கியிருக்கிறாள். வள்ளம் கடலில் இறங்கியதற்கு இருக்கிற ஒரே படம் அதுதான்.

இந்தப் பக்கம் வள்ளத்தின் மூக்கு, அந்தப் பக்கம் வால். நடுவில், பைக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும் ஜெயசீலன் சாரின் முதுகு.

அந்தோணி அதை ஃபிரேம் போட்டு மாட்டினார். மதுரைக்கு வரும்போதெல்லாம் அந்த ஆளை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்துத் தரச் சொல்லி என்னை நச்சரிப்பார். நானும் கடை கடையாக ஏறி இறங்கினேன். "அவர எடுத்துட்டா அங்க ஓட்டைதான் சார் இருக்கும். பின்னாடி இருக்குற படகுக்கு நான் எங்கிட்டுப் போறது?" என்றான் ஒருவன்.

இன்று மதியம் அந்தோணிக்கு போன் செய்து சொன்னேன்.

"மச்சான்... அவர அழிச்சுத் தாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்ல. இனிமே வேணாம். இருந்துட்டுப் போகட்டும். வெள்ளன பஸ் ஏறி வாரேன்."

நாளைக் காலை ஜெயசீலன் சாரை அவரது கோச்சடை வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

போய் வாருங்கள் சார்.