மிதியில் இருந்த கால்

ரேடார் அறையில் அவளுக்குக் ‘கறார்’ என்று பெயர். முகத்துக்கு நேராக ‘அக்கா’ என்பார்கள். முதுகைத் திருப்பினால் கறார். அவளுக்கும் அது தெரியும். வசவா பாராட்டா என்று அவள் விசாரித்ததில்லை. வானத்தில் போகிற விமானங்களுக்கு உயரமும் திசையும் சொல்கிற வேலையில் கறாராக இல்லாதவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இவள் விமானிக்கு ஓர் உயரத்தைச் சொன்னால், விமானி அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் சரி என்பாள், தவறினால் திருத்துவாள். திருப்பிச் சொல்லாத வரை சொன்னது சொன்னதாகவே கணக்கில்லை. பல வருஷம் இப்படியே பேசியதில் அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்து குடியேறிவிட்டது.

“கடையில ரெண்டு பாக்கெட் பால், ஒரு துணி சோப்பு. திருப்பிச் சொல்லு,” என்பாள் மகளிடம்.

“ரெண்டு பாக்கெட் பால், ஒரு துணி சோப்பு, வழியில யார் மேலயும் மோதாம தரையிறங்கணும். சரிங்களா மேடம்?” என்பாள் மகள். பதினோராம் வகுப்பு. வாய் அப்படியே அப்பன் வாய்.

அந்த அப்பன் நகரப் பேருந்து ஓட்டுபவன். “வானத்துல போறவனுக்கெல்லாம் வழி சொல்றா. போன வாரம் என் வண்டியில ஏறி, இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டுத் திருதிருன்னு முழிக்கிறா,” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரித்துவிடுவாள். வீட்டில் சிரிப்பதற்குக் குறைவில்லை. கோபம் முழுக்க வேலையிடத்தில் இருந்தது. அந்தக் கோபத்துக்கு ஓர் ஆளும் இருந்தார்.

அறையின் சூப்பர்வைசர்தான் அந்த ஆள். எதைக் கேட்டாலும் ‘பார்த்துக்கலாம்’ என்பார். அதனால் அவர் பெயரே பார்த்துக்கலாம் ஆகிவிட்டது. ஹெட்செட்டில் ஒரு காது கேட்கவில்லை என்றால் பார்த்துக்கலாம். ஷிஃப்டுக்கு ஆள் குறைகிறது என்றால் பார்த்துக்கலாம். திரைக்கு முன்னால் உட்கார்ந்த காலத்தில் நாலு விமானம் சேர்ந்தாற்போல் வந்தாலே அவர் சட்டை நனைந்துவிடும். அவரை அங்கே வைத்திருப்பது ஆபத்து என்று எல்லோருக்கும் பட்டது. அதனால் தூக்கிக் கண்ணாடி அறையில் வைத்து, மற்றவர்களுக்கு மேலதிகாரி ஆக்கினார்கள்.

அவளும் ஒருமுறை அந்த வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நிலையத் தலைவர், அறையில் எல்லோரும் ‘பெரியவர்’ என்று சொல்கிறவர், அவளைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீங்க மேல போயிட்டா திரையை யாரும்மா பாக்குறது?” அது பாராட்டு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவள் வெளியே வந்து படிக்கட்டில் நின்று சுவரை ஓர் அறை அறைந்தாள். கைதான் வலித்தது.

பார்த்துக்கலாமிடம் ஒரே ஒரு திறமை இருந்தது. வேலை சம்பந்தமான எதையும் அவர் ஒயரில் பேசமாட்டார். ஹெட்செட்டில் பேசுவதெல்லாம் பதிவாகும். ஆகவே எழுந்து வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, குனிந்து, காதோரமாகப் பேசுவார். முதலில் பெப்பர்மின்ட் வாசனை வரும். பின்னாலேயே குரல் வரும். நாளைக்கு ஏதாவது ஆனால், அவர் சொன்னதற்குச் சாட்சியாகப் பெப்பர்மின்ட் வாசனையைத்தான் கூப்பிட வேண்டும்.

அன்றைக்கு மத்தியானமே வானம் கெட்டுப்போனது. அவள் பார்க்கிற பகுதியின் நடுவில் பெரிய மழைமேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு விமானி இடப்பக்கம் ஒதுங்கிப் போகிறேன் என்கிறான், இன்னொருவன் வலப்பக்கம் என்கிறான், மூன்றாமவன் எந்தப் பக்கம் நல்லது என்று இவளையே கேட்கிறான். இப்படிப்பட்ட நேரத்தில் அந்தப் பகுதியை இரண்டாகப் பிரிப்பார்கள். பக்கத்துத் திரையைத் திறந்து, இரண்டாவது நாற்காலியில் ஓர் ஆளை உட்காரவைத்துப் பாதி வானத்தை அவரிடம் கொடுப்பார்கள். அதைத் திறக்கச் சொல்வது சூப்பர்வைசரின் பொறுப்பு. அவர் வேலையில் பாதி அதுதான்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் இடது கையை உயர்த்தினாள். அந்த அறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இரண்டாவது நாற்காலியைத் திறங்கள். யாரும் வரவில்லை. கையை இறக்காமலே பேசிக்கொண்டிருந்தாள். தோள் கடுக்கத் தொடங்கியபோது பெப்பர்மின்ட் வந்தது.

“என்னம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையத் தூக்கிக்கிட்டு?”

“ரெண்டாவது நாற்காலியத் திறங்க சார்.”

“ஆள் இல்லையேம்மா. தம்பி மேல கோபுரத்துல விருந்தாளிங்களுக்குச் சுத்திக் காட்டிட்டு இருக்காரு.”

தம்பி என்று அவர் சொன்னது அவள் சகாவை. அரைக்கண் மூடியே இருப்பதால் தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கியவன். ஆனால் திரைக்கு முன்னால் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கிருந்தோ வந்த அதிகாரிகளுக்கு விமான நிலையத்தைக் காட்ட, கெட்ட வானத்தில், இரண்டாவது நாற்காலி ஆளை அனுப்பி வைத்திருக்கிறார்.

“கூப்பிடுங்க சார். இப்பவே.”

“பாதியில எப்படிம்மா? நல்லா இருக்காது. கொஞ்ச நேரம்தானே. பார்த்துக்கலாம்.”

வாசனை விலகிப் போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மேகத்தில் ஓர் இடைவெளி இருந்தது. எல்லோரும் அதற்குள்தான் நுழையப் பார்த்தார்கள். எதிரெதிராக இருவர் அதே இடைவெளிக்கு வருவதைக் கண்டு ஒருவரை மேலே ஏற்றினாள், இன்னொருவரைத் திருப்பினாள். அதற்குள் பக்கத்துப் பகுதிக்காரர் இன்னும் மூன்று விமானங்களை இவள் பக்கம் தள்ளப் பார்த்தார். “அனுப்பாதீங்க. அங்கேயே சுத்த விடுங்க. நான் சொல்ற வரைக்கும் ஒண்ணும் வேண்டாம்,” என்றாள். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் விமானங்கள் சுற்றினால் விமானக் கம்பெனிகள் போன் செய்யும். போன் வந்தால் பெரியவர் கேட்பார். பெரியவர் கேட்டால் பார்த்துக்கலாம் பதில் சொல்ல வேண்டும்.

பெப்பர்மின்ட் இந்தத் தடவை வேகமாக வந்தது.

“யாரக் கேட்டு நிறுத்தினீங்க?”

“ரெண்டாவது நாற்காலி சார்.”

“பயமா இருக்கா? பயமா இருந்தா சொல்லுங்க, இந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குறோம்.”

மேசைக்கடியில், அவள் வலது காலுக்குப் பக்கத்தில், ஒரு மிதி இருந்தது. அதை அழுத்தினால் ஹெட்செட் மைக் திறக்கும்; காலை எடுக்கும் வரை விமானிகள் பேசுவது இவளுக்குக் கேட்காது. மைக்குக்குக் கேட்பது அந்தப் பகுதியில் பறக்கும் எல்லோருக்கும் கேட்கும். பார்த்துக்கலாமின் வாய் அவள் காதை ஒட்டியே இருந்தது. அவள் வாய்க்கு முன்னால் மைக் இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு கன்னம். விமானிகள் யாரும் பேசாத ஒரு நொடி வந்தது. கோபம் தலைக்கு ஏறும் என்பார்கள். அவளுக்கு அது காலுக்கு இறங்கியது.

“விருந்தாளிங்க கிளம்பட்டும், அப்புறம் திறக்கறேன். அதுவரைக்கும் ஒரு ஆளே போதும். ஒண்ணு ரெண்டு பக்கத்துல பக்கத்துல வந்தா வந்துட்டுப் போகட்டும். பார்த்துக்கலாம்.”

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். வானம் மொத்தமும் அதைக் கேட்டிருந்தது. பிறகு ஹெட்செட்டில், குனிந்திருந்தவருக்கும் கேட்கும்படி, ஒரு விமானியின் குரல் நிதானமாக வந்தது.

“கன்ட்ரோல், யார் பக்கத்துல யாரு வரட்டும்? திருப்பிச் சொல்லுங்க.”

“அது உங்களுக்கு இல்லை. உங்க உயரத்துலயே இருங்க,” என்றாள் அவள். விமானி தன் உயரத்தைத் திருப்பிச் சொன்னான்.

பார்த்துக்கலாமின் முகத்தில் ரத்தம் இல்லை. மனிதர் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. சற்று நேரத்தில் தூங்குமூஞ்சி மூச்சிரைக்க வந்து, ஒயரைச் செருகி, “குடு அக்கா, மேற்குப் பாதி என்னோடது,” என்றான். இரண்டாவது நாற்காலி திறந்தது. எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். வேலை முடிந்து முகம் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வாய்விட்டுத் திட்டினாள். வீட்டில் சொல்ல முடியாத வார்த்தைகள்.

மறுநாள் அவளை நாற்காலியில் உட்கார விடவில்லை. விசாரணை என்றார்கள். விசாரணைக்கு முந்தின சாயங்காலம் தூங்குமூஞ்சி வீட்டுக்கு வந்தான். அவன் முகமே சரியில்லை.

“பெரியவர் சொல்லி அனுப்பினாரு அக்கா. கால் வழுக்கிடுச்சுன்னு சொன்னா போதுமாம். தெரியாம பட்டுடுச்சுன்னு. அதோட விட்டுடுவாங்களாம்.”

“அவரு பேசினது?”

“அதப் பத்திப் பேச்சே இல்ல.”

“நீ தூது வந்தியா?”

“என்ன வேணா திட்டு அக்கா. எனக்கு உன்ன அந்த நாற்காலியில பாக்கணும்.”

அவன் போன பிறகு கணவன் தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னான்: “வழுக்கிச்சுன்னு சொல்லிட்டுத்தான் வாயேன். டெப்போல நாங்க சொல்றதுல பாதி அதுதான். பிரேக் பிடிக்கல, கண்ணாடி மங்கல், கால் வழுக்கிச்சு. அவனுங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வண்டி ஓடுது.”

“உன் வண்டி தரையில ஓடுது.”

“ஆமாம்மா. நான் தரையில ஓடுற ஆளுதான்.”

அது குத்தியது. அவள் ஒரு துணியை எடுத்து அவன் கழுவிய தட்டுகளைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த நாற்காலி இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல,” என்றாள். அவன் கேலி செய்யவில்லை.

பெரியவரின் அறையில் நீள மேசை. ஒரு பக்கம் பெரியவர், பக்கத்தில் பார்த்துக்கலாம், எதிரே அவள். பதிவைப் போட்டார்கள். பார்த்துக்கலாமின் குரல் அறை முழுக்கப் பேசியது: வந்துட்டுப் போகட்டும், பார்த்துக்கலாம். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் பதிவை நிறுத்தினார்.

“உங்க கால் எப்படிம்மா மிதி மேல போச்சு?”

அவள் காத்திருந்தாள். அடுத்த கேள்வி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ஆகாயத்தில் அத்தனை பேர் உயிரோடு ஒரு மனிதர் விளையாடியது அந்த அறையில் பேச்சாகவே இல்லை. பேச்சு முழுக்க அவள் கால் போன இடத்தைப் பற்றி.

“சில சமயம் வழுக்கும்,” என்றார் பெரியவர் கனிவாக. “அப்படின்னா நாளைக்கே நீங்க வேலையப் பாக்கலாம். வேணும்னே மிதிச்சீங்கன்னா, எனக்கு வேற வழி இல்ல. மறுபயிற்சிக்கு அனுப்பணும். எப்பத் திரும்புவீங்கன்னு நான் சொல்ல முடியாது.”

“திருப்பிச் சொல்றேன் சார்,” என்றாள்.

“என்ன?”

“கால் வழுக்கிச்சுன்னு நான் பொய் சொன்னா நாளைக்கே நாற்காலி. மிதிச்சேன்னு உண்மையச் சொன்னா மறுபயிற்சி. சார் பேசினதப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல. நான் கேட்டது சரியா?”

பெரியவர் பேனாவை மூடினார், திறந்தார். ஆயுள் முழுக்க அந்த வழக்கத்தில் ஊறியவர். திருப்பிச் சொன்னதற்குச் சரி என்றோ தவறு என்றோ சொல்லியாக வேண்டும். இரண்டும் அவர் வாயில் வரவில்லை. பக்கத்திலிருந்த மனிதர், பழக்கதோஷம், “அதெல்லாம் பார்த்துக்க...” என்று தொடங்கி, பெரியவர் முறைத்ததும் மீதியை விழுங்கினார்.

“மிதிச்சேன் சார்,” என்றாள் அவள். “அது தப்பு. அந்த நேரத்துல ஒரு விமானி ஆபத்துன்னு கத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அதுக்கு என்ன உண்டோ குடுங்க. ஆனா வழுக்கல.”

மறுபயிற்சிக் கூடம் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருந்தது. அங்கே திரையில் பொய் விமானங்கள் வரும். அவற்றில் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். மேகமும் பொய் மேகம். அவள் காலையில் வந்து, ஆளில்லாத விமானங்களை அவ்வளவு கறாராக ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் எரிச்சலோடு வீட்டுக்குப் போனாள்.

ஒருநாள் தூங்குமூஞ்சி சாப்பாட்டு நேரத்தில் தேடி வந்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

“அக்கா, மனுஷன் இப்ப யார் நாற்காலி பக்கமும் வர்றதில்ல. தள்ளி நின்னுக்கிட்டு, முதல்ல நம்ம கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாக்குறாரு. அப்புறம்தான் வாயே திறக்குது. கையத் தூக்கினா போதும், ரெண்டாவது நாற்காலி உடனே!”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அவரு இன்னும் அங்கதான் இருக்காரு. இல்ல?”

“இருக்காரு.”

“அவரு நம்ம காலப் பாத்து நடக்கறதுக்கு நான் இங்க வந்து உக்காரணுமா?”

அவன் டிபன் டப்பாவை மூடினான். பிறகு, வேறு ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, “இன்னொரு சூப்பர்வைசர் வேலை காலியாகுதாம் அக்கா. பேர் கேட்டிருக்காங்க. அடுத்த பார்த்துக்கலாம் யாருன்னு நாங்க பந்தயம் கட்டிட்டு இருக்கோம்,” என்றான்.

அவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். கார் நிறுத்துமிடத்தைக் குறுக்கே கடந்து, எந்தப் படிக்கட்டில் நின்று ஒரு காலத்தில் சுவரை அறைந்தாளோ அதே படிக்கட்டில் ஏறி, பெரியவரின் கதவைத் தட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்து, நாற்காலியைத் திருப்பிக் கேட்டு வந்திருக்கிறாள் என்று எண்ணி, முகத்தில் கனிவை வரவழைக்கத் தொடங்கினார்.

“சூப்பர்வைசர் வேலைக்கு என் பேரச் சேத்துக்குங்க சார்,” என்றாள் அவள். “போன தடவை, நீங்க மேல போயிட்டா திரையை யார் பாக்குறதுன்னு கேட்டீங்க. இப்ப அந்தக் கவலை உங்களுக்கு இல்ல. திரையை நான் பாக்கலையே.”

பெரியவரின் கனிவு பாதியிலேயே நின்றுபோனது. அவள் உட்காரவில்லை. அவர் பதில் சொல்லும் வரை அங்கேயே நின்றிருந்தாள்.