ரெட்டைவால் ஒயரும் ஒரு காதுகுத்தும்

மேசை இழுப்பறையைத் துடைக்கப் போனேன். அந்தக் கறுப்பு ஒயர் கையில் மாட்டியது. ஒரு பக்கம் ஒரு தலை, மறுபக்கம் இரண்டு வால். உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கும், தேடிப் பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்க்குகளோடு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கம்ப்யூட்டர் பழுது பார்த்த காலத்தில் அதற்கு 'ரெட்டைவால்' என்று பேர். யார் வைத்ததோ, கம்பெனிக்காரன் வைத்ததைவிட நல்ல பேர்.

அந்த இரண்டாவது வால் எதற்கென்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. படித்துக் கற்ற வேலையா என்ன, பிரித்துப் பிரித்துக் கற்றதுதானே. கேட்டவர்களிடம், "ஒண்ணு போனா இன்னொண்ணு. ஸ்பேருண்ணே" என்று அடித்துவிடுவேன். அவர்களும் நம்பி, அதைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுப் பத்திரப்படுத்துவார்கள்.

மூக்கருகே கொண்டுபோனால் ஒயரில் இன்னும் கடை வாசனை: சூடேறிய தூசி, ஈயம் உருகிய புகை. இராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து திறப்பேன். ஜனங்கள் பழுதைச் சொல்லும் அழகைக் கேட்கவே கடை வைக்கலாம். "பெட்டி மூச்சு விடுது, கண்ணு முழிக்கல" என்பார் ஒருவர். தளவாய்புரத்துத் தையல் யூனிட்காரர், "நேத்துலருந்து கோவிச்சுக்கிட்டு இருக்கு" என்பார். இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

ஒரு மத்தியானம் சுந்தரபாண்டியத்திலிருந்து செல்வி வந்தார். நூல் மில்லில் வேலை. கூடவே பட்டாளத்துக்காரக் கணவர் மாரியப்பன். லீவு முடிந்து அன்று சாயங்கால ரயிலுக்குக் கிளம்ப வேண்டியவர். மகளின் முதல் பிறந்தநாளும் காதுகுத்தும் அவர் இல்லாமலே நடந்தவை. செல்வியின் தம்பி எடுத்த வீடியோ எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில். ரயிலுக்கு முன்னால் அவர் போனின் மெமரி கார்டில் ஏற்றித் தர வேண்டும். லீவு முழுக்க நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியிருக்கிறார்கள்.

வழக்கம்போல ஒரு வாலைக் கம்ப்யூட்டரின் முன்பக்கம் செருகினேன். விளக்கு எரிந்தது. டிக்... டிக்... அவ்வளவுதான். டாக்டர் மாதிரி காதில் வைத்துக் கேட்டேன்.

"மண்டையப் போட்டிருச்சுண்ணே," என்றேன், மாரியப்பன் முகத்தைப் பார்க்காமல்.

செல்வி டிஸ்க்கின் மேல் விரல் நுனியை வைத்தார். "இன்னொருக்கக் குத்துங்க."

குத்தினேன்.

"சாகலண்ணே. எந்திரிக்கப் பாக்குது, தெம்பில்ல. மில்லுல ஸ்பிண்டிலச் சுத்துற டேப் தளர்ந்தா அதுவும் இப்படித்தான் திணறும்."

"சத்தத்த வச்சா சொல்றீங்க?"

"மில்லு எரைச்சல்ல எங்க சத்தம் கேக்க? கைதான் காது." ஒயரைப் பார்த்தார். "இந்த வாலு ஏன் சும்மா தொங்குது?"

"அது ஸ்பேரு..."

"அதையும் குத்துங்கண்ணே. என்ன கொறஞ்சா போயிரும்?"

இரண்டு வாலையும் பின்பக்கம் செருகினேன். உள்ளே ஏதோ மெல்லச் சுழன்று, வேகம் பிடித்து, சீராக ஓடத் தொடங்கியது. ஒரு வழியில் வந்த கரண்டு பத்தவில்லை, அம்புட்டுத்தான். "ஏட்டி, பேசாம நீ இங்கயே வேலைக்குச் சேந்துரு" என்றார் மாரியப்பன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேருடைய டிஸ்க்கைச் செத்ததென்று சொல்லி அனுப்பியிருந்தேனோ!

கார்டு பழசு, காப்பி ஊர்ந்தது. ரயில் நேரத்துக்குள் ஒரு வீடியோதான் ஏறும் என்றேன்.

"பொறந்தநாளு" என்றார் மாரியப்பன்.

"காதுகுத்து" என்றார் செல்வி.

"அதுல கத்திக்கிட்டுல்லா இருக்கா? லீவுல என்னையப் பாத்து அழுததே போதாதாட்டி?"

"அங்க போயிட்டா சிரிப்பு மட்டுந்தான் போன்ல கேப்பீக. அழுதா நான் கட் பண்ணிருவேன். ஒங்களுக்கு வேல ஓடாதுன்னு."

மாரியப்பன் என் பக்கம் திரும்பினார். "காதுகுத்தே ஏத்துங்க தம்பி" என்றார். ஏறி முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். "எம்மாடி, எம்புட்டுச் சத்தம்!" என்றவர், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று செல்வி கையைப் பிடித்து இழுக்கும்வரை அதைக் கழற்றவில்லை.

இப்போது எந்த முகாமிலிருந்தும் முகம் பார்த்தே பேசுகிறார்கள். அழுகையும் சிரிப்பும் அந்த நிமிடமே போய்ச் சேர்கின்றன. நல்லதுதான். கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். காப்பி ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு ஓடி முடியும்வரை ஒரு குடும்பமே உட்கார்ந்து திரையைப் பார்த்திருக்க அங்கே ஒரு பெஞ்சு போட்டிருந்தேன். போன வாரம் எட்டிப் பார்த்தேன், பெஞ்சு இல்லை. எல்லாரும் நின்றபடியே வாங்கிக்கொண்டு போகிறார்கள்.