சத்தம் வராத நான்கு கட்டைகள்

ஜவ்வாது மலையில் எங்கள் பள்ளி பியானோ டீச்சர், உட்காருமுன் முந்தானையால் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். ஈரத்தில் கெட்டு, சத்தமே வராத நான்கு கட்டைகளையும் விடமாட்டார்.

எட்டாவதுக்கு மேல் எங்கள் ஊரில் படிப்பு இல்லை. வேலூர்ப் பள்ளி ஒன்று நடத்தும் பியானோ போட்டியில் ஜெயித்தால் அங்கேயே இலவசமாகப் படிக்கலாம். போட்டியில் வாசிக்கப் பெரிய பாட்டைக் கொடுக்கும்படி டீச்சரிடம் கேட்டேன்.

“வேணாம்மா. அதுல அந்த நாலு கட்டையும் வருது. இங்க கேக்காத சத்தத்த அங்க கேட்டா கை நின்னுடும். சின்னதையே வாசி.”

பிசகாமல் வாசித்தேன். பாட்டு ரொம்பச் சுலபம் என்று நடுவர் பரிசை வேறொருத்திக்குக் கொடுத்தார்.

“பெருசையே குடுத்திருக்கலாம்ல டீச்சர்?”

“குடுத்திருக்கலாம்மா.”

அப்பா என்னைச் சாமை அறுக்கக் கூட்டிப்போக வந்த அன்றும் அவர் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். அந்த நான்கை மட்டும் தொடவில்லை.