சுவரில் எழுதிய வயர் வரிசை

தேரடி வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ். மேல்மாடியில் இருபது கம்ப்யூட்டர் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிளைக் கீழே சர்வர் பக்கத்தில் இருக்கும் ஹப்பில் சேர்ப்பதாகத் திட்டம். அது ஓடியதும் நான்தான் லேப் இன்சார்ஜ் என்று முதலாளி சொல்லியிருந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, சென்னையிலிருந்து ஒரு சாரை வரவழைத்து என் தலைமேல் உட்காரவைத்தார்.

கேபிளுக்குள் எட்டு வயர், நிறத்துக்கு ஒன்றாக நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும். பக்கத்து ஜோடியின் இரைச்சல் ஒட்டாமல் காப்பது அந்த முறுக்குதான். முனையில் மாட்டும் பிளாஸ்டிக் தலையில் மூன்றாவது இடமும் ஆறாவது இடமும் ஒரே ஜோடிக்குச் சொந்தம். சாருக்கு அது தெரியவில்லை. பச்சையும் பச்சையும், நீலமும் நீலமும் என்று பக்கத்தில் பக்கத்தில் அடுக்கச் சொன்னார்.

"சார், ஆறாவதுல பச்சை வரணும். கேபிள் நீளமா போனா டேட்டா விட்டுப்போகும்" என்றேன். மாணவர்கள் சுற்றி நின்றார்கள்.

"ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி இருந்தா போதும்மா. கலர் பாத்துக்கினு இருக்கியே, கோலமா போடப்போற?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவர் இரண்டு முழக் கேபிளில் அப்படியே செய்து மேஜைமேல் ஓட்டியும் காட்டினார். சின்னக் கேபிளில் ஓடத்தான் செய்யும். பிறகு மார்க்கரை எடுத்து ஹப்புக்கு மேலே சுவரில் தன் வரிசையை எழுதி, யாரும் மாற்றக் கூடாது என்று கையெழுத்தும் போட்டார்.

"சரிங்க சார்" என்றேன்.

நாற்பது தலைகளையும் சுவரில் எழுதியிருந்த வரிசையிலேயே கிரிம்ப் கருவியால் அழுத்தி அடித்தேன். அவ்வளவு சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வயர் போகிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். எது எதன் ஜோடி என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். டெஸ்டரை அணைத்துப் பெட்டியில் வைத்தேன்.

திறப்பு விழாவில் கற்பூரம் காட்டி, சுண்டல் கொடுத்து, முதலாளி மேல்மாடியில் முதல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சர்வரில் இருந்த மலைப் படத்தைத் திறந்தார். உச்சி வந்தது. பாதியில் நின்றுவிட்டது. அடுத்த கம்ப்யூட்டரில் உச்சிகூட வரவில்லை. வந்தவர்கள் கையில் சுண்டலோடு காத்திருந்தார்கள். சாருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"கிரிம்ப் பண்ணது இந்தப் பொண்ணுதாங்க" என்றார்.

அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். முதலாளியைக் கீழே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன். "சார் எழுதின மாதிரியேதாங்க போட்டேன்." அவர் படித்தார், கேபிளைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். முதல் கேபிளின் இரண்டு தலைகளையும் வெட்டி எறிந்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சரியான வரிசையில் அடித்தேன். மலை முழுசாக வந்தது.

"நாளையிலருந்து லேப் உன் பொறுப்பும்மா" என்றார் முதலாளி.

"மிச்சம் முப்பத்தெட்டையும் சாரே அடிக்கட்டுங்க" என்றேன்.

மறுநாள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு நிறம் நிறமாகச் சொன்னேன். அதே மாணவர்கள் சுற்றி நின்றார்கள். "கோலம் கோணாம வரணும் சார்" என்றேன் ஒருமுறை. யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை.

கடைசித் தலையை அடித்து முடித்தபோது அவர் கட்டைவிரல் சிவந்திருந்தது. மெதுவாகக் கேட்டார்: "ஓடாதுனு உனக்குத் தெரியுமில்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேனே சார்" என்றேன். "எல்லாரும் சிரிச்சாங்களே, அன்னிக்கு."